தாத்தா வாட்ச், சிங்கப்பூர் வாட்ச்: பழைய கைக்கடிகாரம் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டெல்டாவில் பழைய வாட்ச் இல்லாத வீடு குறைவு. கல்யாணத்தில் மாமனார் போட்டது, சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்தது, ரிட்டயர்மென்ட் அன்று ஆபீஸில் கொடுத்தது என்று ஏதாவது ஒன்று பீரோ லாக்கரில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும். கும்பகோணத்தில் நான் வாட்ச் சேர்க்கிறவன் என்று தெரிந்து, அதை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்தான் கீழே இருப்பவை. நான் கடைக்காரன் இல்லை. இன்றைக்கு இன்ன விலை என்று இதில் எங்கும் சொல்லவில்லை. அது மாதத்துக்கு மாதம் மாறும். எது மதிப்பைக் கூட்டும், எது குறைக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் தாத்தாவின் வாட்ச் ஐம்பது வருடப் பழசு. பழசு என்றாலே மதிப்பு உண்டுதானே?

இல்லை. அரசு வாட்ச் கம்பெனியான எச்எம்டி ஒன்று மட்டுமே கோடிக்கணக்கில் வாட்ச் செய்து விற்றிருக்கிறது. வயதுதான் கணக்கு என்றால் ஊரில் பாதி வீட்டில் புதையல் இருக்க வேண்டும்.

சேகரிக்கிறவர் முதலில் கேட்பது, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறதா என்பதை. அடுத்து, அதே மாடலில் மற்றவற்றில் இல்லாத ஏதாவது இதில் இருக்கிறதா என்பதை. வயதெல்லாம் அதற்கு அப்புறம்தான். எழுபது வருட வாட்ச் ஒன்று டயல் மாற்றி, முள் மாற்றி, கேஸை, அதாவது வெளிக்கூட்டைத் தேய்த்து வந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நாற்பது வருட வாட்ச் யார் கையும் படாமல் வந்தால் உட்காரச் சொல்லிக் காபி கொடுப்பேன்.

உள்ளே ஒரே மெஷின்தானே? டயலில் நாலு எழுத்து மாறினால் விலை ஏன் மாற வேண்டும்?

நியாயமான கேள்வி. ஜனதா, பைலட் என்று பெயர் பலவாக இருந்தாலும் எச்எம்டியின் சாவி கொடுக்கும் மாடல்கள் பலவற்றுக்கு உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே மெஷின்தான். 17 கல் (சக்கரங்கள் தேயாமல் சுழல உள்ளே பதிக்கும் சின்னக் கற்கள்), ஒருநாள் ஓடும். நேரம் காட்டுவதில் ஒன்றுக்கொன்று குறைந்ததில்லை. வேறுபாடு முழுக்கக் கண்ணில் படும் இடத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் சேகரிப்பவர் மெஷினைவிட டயலை அதிக நேரம் பார்க்கிறார்.

உலகச் சந்தையில் எல்லாரும் சொல்லும் உதாரணம் ரோலெக்ஸ் டேடோனா. 1960களில் வந்த 6239 என்ற மாடலில் இரண்டு வகை டயல் உண்டு. ஒன்று சாதாரணமானது. இன்னொன்றில் டயலுக்குள்ளேயே வரைந்திருக்கும் சின்ன வட்டங்களுக்குள் இருக்கும் கோடுகளின் நுனியில் குட்டிக் குட்டிச் சதுரம் இருக்கும். எண்கள் கொஞ்சம் அலங்காரமான எழுத்தில் இருக்கும். ஓரத்தில் சுற்றிவரும் நொடிப் பட்டை, சின்ன வட்டங்களின் நிறத்திலேயே இருக்கும். அந்தக் காலத்தில் இந்த டயலைச் சீந்துவார் இல்லை. விற்காததால் குறைவாக வந்தது, குறைவாக வந்ததால் இன்று கிடைப்பதில்லை. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த அதே டயல் வாட்ச் 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் சுமார் 1.77 கோடி டாலருக்குப் போனது. அவர் கையில் இருந்தது என்பதும் அந்த விலையில் சேர்த்திதான். ஆனால் பேர் தெரியாத யாரோ கட்டிய அதே டயல் வாட்சும் சாதாரண டயலைவிடப் பல மடங்கு விலை போகிறது. காரணம் அந்தக் குட்டிச் சதுரங்கள்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாட்டெக் பிலிப் என்ற சுவிஸ் கம்பெனியின் 1518 என்ற மாடல் பெரும்பாலும் தங்கத்தில் வந்தது. ஸ்டீலில் இதுவரை தெரியவந்திருப்பது நான்கே நான்கு. அதில் ஒன்று 2016-ல் ஜெனீவாவில் 1.1 கோடி சுவிஸ் ஃபிராங்குக்கு விற்றது. தங்கத்தைவிட இரும்புக்கு விலை கூட என்று நம் ஊர் நகைக்கடையில் சொல்லிப் பாருங்கள், தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பார்கள்.

ஒரு வாட்ச் கைக்கு வந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

டயல், டயல், அப்புறமும் டயல். அது கம்பெனியில் அச்சடித்ததா, பிறகு யாரோ பெயின்ட் அடித்துப் புதுசாக்கியதா என்று பார்ப்பேன். இதற்குப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் போதும். வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் மாட்டிக்கொள்வது இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் எழுத்து. கம்பெனி அச்சில் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். மையும் ஒரே கனத்தில் கொஞ்சம் மேடாக உட்கார்ந்திருக்கும். மறுபடி அடித்ததில் எழுத்து தடித்து, ஓரம் கசிந்து, சில எழுத்தின் வயிறு அடைத்துக்கொண்டிருக்கும். ஆங்கில 'ஏ', 'ஈ', 'எஸ்' மூன்றையும் பாருங்கள், அங்கேதான் மாட்டும். அப்புறம் நிமிடக் கோடுகள். ஒவ்வொரு ஐந்தாவது கோடும் மணிக்குறியின் நடுவுக்கு நேராக வர வேண்டும். பெயின்ட் அடித்தவர் அச்சை அரை மில்லிமீட்டர் திருப்பி வைத்திருந்தால் பன்னிரண்டில் சரியாக நின்று, நாலில் விலகும்.

மணிக்குறிகள் தனியாகச் செய்து ஒட்டிய உலோகத் துண்டுகளாக இருந்தால் அவற்றின் அடியைப் பாருங்கள். கம்பெனி டயலில் அடி சுத்தமாக இருக்கும். மறுபடி அடித்ததில் பெயின்ட் அடியில் குழம்பாகத் தேங்கியிருக்கும். தேதி ஜன்னலின் உள்விளிம்பிலும் இதே கதைதான். சுவிஸ் வாட்ச் என்றால் ஆறு மணிக்குக் கீழே, விளிம்பை ஒட்டி, நாடு பெயர் பொடி எழுத்தில் இருக்கும். பெயின்ட் அடிக்கிறவர்கள் அதைத்தான் மறந்துவிடுவார்கள். மறக்காமல் அடித்தவர் கொஞ்சம் கீழே இறக்கிவிடுவார், பாதி எழுத்து கேஸுக்குள் ஒளிந்துகொள்ளும்.

டயலில் புள்ளி புள்ளியாக விழுந்திருக்கிறது. புதுசு பண்ணிவிடலாம் என்கிறார் கடைக்காரர். பண்ணலாமா?

வேண்டாம். தினமும் கட்டிக்கொண்டு ஆபீஸ் போகத்தான் என்றால் உங்கள் விருப்பம். சேகரிப்பு மதிப்பைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால் கண்டிப்பாக வேண்டாம்.

நம் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் பீரோவுக்குள் வைத்த பட்டுப்புடவையே நசநசக்கிறது, வாட்ச் எம்மாத்திரம். மூடியின் வளையம் காய்ந்து போயிருந்தால் ஈரம் உள்ளே போய் டயலின் மேல்பூச்சைக் கிளப்பும். வெள்ளி நிற டயலில் கரும்புள்ளியாகவும், கறுப்பு டயலில் காப்பி நிறமாகவும் தெரியும்.

இதிலும் தரம் உண்டு. கறுப்பு டயல் முழுக்க ஒரே சீராகப் பழுப்பேறியிருந்தால் அதற்கென்றே கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதை 'டிராபிகல் டயல்' என்பார்கள். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மங்கியிருந்தால் யாரும் குறையாக நினைப்பதில்லை. நடுவில் தண்ணீர்த் தடம், எழுத்து உரிந்தது என்றால் மதிப்பு குறையும்தான். ஆனாலும் அது பெயின்ட் அடித்த டயலைவிட மேல். புள்ளி விழுந்த அசலுக்கு வாங்க ஆள் உண்டு. பளபளக்கும் மறுஅச்சுக்குத் தெரிந்தவர் யாரும் கை நீட்டமாட்டார்.

முள் மாறியிருந்தால் கண்டுபிடிக்க முடியுமா?

நீளத்தைப் பாருங்கள். நிமிட முள்ளின் நுனி நிமிடக் கோட்டைத் தொட வேண்டும், அல்லது தொடுகிற மாதிரி நிற்க வேண்டும். மணி முள் மணிக்குறியின் உள்பக்கம்வரை வர வேண்டும். எட்டாமல் நின்றாலோ தாண்டிப் போனாலோ வேறு வாட்சின் முள். மூன்று முள்ளும் ஒரே உலோக நிறத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நொடி முள்தான் அடிக்கடி உடைந்து மாறுவது. அது ஒன்று மட்டும் வேறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

ரேடியம் வைத்த வாட்ச் என்று சொல்கிறார்கள். அது நல்லதா, ஆபத்தா?

இருட்டில் ஒளிர எண்ணிலும் முள்ளிலும் தடவியிருக்கும் பூச்சு எது என்பது வாட்சின் காலத்தைச் சொல்லிவிடும். நிஜமான ரேடியம் 1960கள்வரை இருந்தது. அதன் பிறகு டிரிட்டியம் வந்தது. டிரிட்டியம் தடவிய சுவிஸ் டயலில் ஆறு மணிக்குக் கீழே நாடு பெயருக்கு இரண்டு பக்கமும் ஆங்கில 'டி' எழுத்து இருக்கும். 1990களில் அதையும் விட்டுவிட்டு, வெளிச்சத்தை உறிஞ்சி ஒளிரும் பூச்சுக்கு மாறினார்கள். அதில் கதிரியக்கம் இல்லை.

சேகரிப்பவருக்கு இதில் இரண்டு பயன். ஒன்று, 1950களின் வாட்ச் என்று சொல்லி 'டி' போட்ட டயலைக் காட்டினால் டயல் பிறகு மாற்றியது என்று தெரிந்துவிடும். இரண்டாவது, நிறம். எண்ணிலும் முள்ளிலும் பூச்சு ஒரே மாதிரி மஞ்சளாகவோ காவியாகவோ பழுத்திருக்க வேண்டும். எண் பழுத்து முள் மட்டும் வெளுத்திருந்தால் முள் மாற்றியது, அல்லது பூச்சு புதிதாகத் தடவியது. இருட்டறையில் வைத்துப் பாருங்கள்: பழைய ரேடியம் பூச்சு ஏறக்குறைய ஒளிராது. ராத்திரி முழுக்கப் பச்சையாக எரிகிறது என்றால் யாரோ புதுசாகப் பூசியிருக்கிறார்கள்.

ரேடியம் ஒளிராமல் போனது அதோடு கலந்த துத்தநாக சல்ஃபைடு செத்துப்போனதால்தான். கதிர்வீச்சு நிற்கவில்லை, ரேடியத்தின் அரை ஆயுள் 1600 வருடம். மூடிய வாட்சைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் வீட்டில் திறந்து அந்தப் பூச்சைச் சுரண்டவோ, உதிர்ந்த தூளை ஊதவோ கூடாது. மூச்சில் போனால் அதுதான் கெடுதல். படுக்கை அறையில் நிறைய சேர்த்து வைப்பதும் வேண்டாம். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12 வருடத்துக்குக் கொஞ்சம் மேல். அந்தக் கால டயல்களில் பாதிக்கு மேல் அது கரைந்தே போயிருக்கும்.

கேஸில் கீறல். பாலிஷ் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடுமே?

ஆகும். அதுதான் சிக்கல்.

கேஸின் வடிவமைப்பு அதன் விளிம்புகளில் இருக்கிறது. கைப்பட்டை மாட்டும் நான்கு கால்களின் மேல் ஓரத்தில் சாய்வாக ஒரு பட்டை வெட்டியிருப்பார்கள். பக்கவாட்டில் கண்ணாடிபோல் மினுக்கி, மேல்புறத்தில் மெல்லிய கோடுகளாக விட்டிருப்பார்கள். பஃப் மெஷினில் இரண்டு நிமிடம் பிடித்தால் இதெல்லாம் கரைந்து சோப்புக் கட்டியாகிவிடும். கரைந்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. கீறலோடு கூர்மை இருக்கிற கேஸுக்குத்தான் மதிப்பு.

நம் வீடுகளில் இருப்பதில் பெரும்பாலானவை ஸ்டீலே இல்லை. பித்தளையில் குரோமியம் முலாம், பின்மூடி மட்டும் ஸ்டீல். மூடியின் மேலேயே அது அப்படித்தான் என்று எழுதியிருக்கும். வயலில் நின்றவர் கையில் வியர்வை பட்டுப் பட்டு முலாம் பெயர்ந்து குழி விழுந்திருக்கும், முக்கியமாகக் கால்களுக்குப் பின்னால். இதைப் பாலிஷ் போட்டால் மிச்ச முலாமும் போய்ப் பித்தளை மஞ்சளாகப் பல்லிளிக்கும். தங்க முலாம் என்றால் '20 மைக்ரான்' என்பது போல முலாமின் கனத்தைக் கேஸில் பொறித்திருப்பார்கள், தலைமுடியைவிட மெல்லிசு. அதைத் தேய்க்க எப்படி மனது வரும்?

சாவியும் கண்ணாடியும் மாறியிருந்தால் பரவாயில்லையா?

கண்ணாடி பரவாயில்லை; உடையும், மாறும். பழைய பிளாஸ்டிக் கண்ணாடி குமிழாக இருக்கும், அதற்குப் பதில் தட்டையானதைப் போட்டுவிட்டால் முகம் மாறிவிடும், அவ்வளவுதான். ஒமேகா என்றால் மட்டும் கண்ணாடியின் நட்ட நடுவில் லென்ஸ் வைத்துத் தேடுங்கள். மணல் அளவில் கம்பெனி முத்திரை பொறித்திருந்தால் அது கம்பெனி கண்ணாடி.

சாவி, அதாவது பக்கத்தில் இருக்கும் திருகு குமிழ், அதன் விஷயம் வேறு. முத்திரை போட்ட அசல் சாவி சின்னப் பொருள்தான், ஆனால் தேடினால் கிடைக்காது. தேய்ந்திருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா சிங்கப்பூரிலிருந்தும் அத்தா துபாயிலிருந்தும் கொண்டுவந்த சீக்கோ 5 இருக்கிறது. அதெல்லாம் சேகரிப்பில் வருமா?

நன்றாக வரும். டெல்டாவுக்கென்று ஒரு வாட்ச் உண்டென்றால் அது இதுதான் என்பேன். நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலாவும் அப்புறம் சிதம்பரம் கப்பலும் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த நாளிலிருந்து, திருச்சியில் விமானம் இறங்கும் நாள்வரை, பெட்டியில் கோடாலித் தைலத்தோடு வந்திறங்கிய வாட்ச் அது. கூத்தாநல்லூர், நாகூர், அதிராம்பட்டினம் பக்கம் வளைகுடாவிலிருந்து வந்தவையும் ஏராளம்.

சீக்கோ 5 என்ற வரிசை 1963-ல் தொடங்கியது. தானாகச் சாவி ஏறும், கிழமையும் தேதியும் ஒரே ஜன்னலில் தெரியும், சாவி மூன்று மணியில் இல்லாமல் நான்கு மணியில் உள்ளே அமுங்கி நிற்கும். இந்த அமைப்பே ஒரு வடிவமைப்பு முடிவுதான்: கையால் சாவி கொடுக்கத் தேவை இல்லை என்பதால் அதைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டார்கள்.

இதன் அசலைச் சரிபார்ப்பது சுவிஸ் வாட்சைவிடச் சுலபம். பின்மூடியில் மாடல் எண் இரண்டு பகுதியாக இருக்கும். முதல் நான்கு இலக்கம் மெஷினின் எண், உதாரணத்துக்கு 7009. டயலின் அடி விளிம்பில் எறும்பு எழுத்தில் இன்னொரு எண் இருக்கும். பெரும்பாலும் அதுவும் அதே நான்கு இலக்கத்தில்தான் தொடங்க வேண்டும். மூடியில் ஒன்று, டயலில் வேறு என்றால் இரண்டு வாட்சை வெட்டி ஒட்டியது. மூடியில் தனியாக இருக்கும் வரிசை எண்ணில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 8-ம் 1-ம் என்று தொடங்கினால் எட்டில் முடியும் ஏதோ ஒரு வருடத்தின் ஜனவரி. எந்தப் பத்தாண்டு என்பதை மெஷின் எண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

கிழமைச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியும் இருக்கும். அரபி இருந்தால் வளைகுடாச் சந்தைக்காகச் செய்தது. 'அரபியில் காட்டுகிறது, சக்கரத்தை மாற்றிக் கொடுங்கள்' என்று ரிப்பேர் கடையில் கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து மாற்றாதீர்கள். அந்த வாட்ச் எங்கே போய் எப்படி வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எச்எம்டியில் எதைத் தேட வேண்டும்?

கொஞ்சம் வரலாறு தெரிந்தால் தேடுவது சுலபம். எச்எம்டி 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. முதல் தொகுதியை நேரு வெளியிட்டார். அந்த ஆரம்ப நாட்களின் டயலில் சிட்டிசன் பெயரும் சேர்ந்து இருக்கும். வீட்டில் இருப்பதில் அப்படி இரண்டு பெயர் இருந்தால் நிதானமாகப் பாருங்கள், டயல் அசல் என்றால் நல்ல பொருள். 2016 ஜனவரியில் எச்எம்டி வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்த செய்தி வந்தபிறகுதான் நம் ஊரில் பலர் பீரோவைத் திறந்தார்கள்.

ஜனதா சாதாரண வாட்ச். ஆனால் அதிலேயே பெயரை இந்தியில் எழுதிய டயல், பார்வையற்றவர்கள் தொட்டுப் பார்க்க மேடுப் புள்ளி வைத்துக் கண்ணாடி மூடி திறக்கும் பிரெய்ல் டயல் என்று கிளைகள் உண்டு. பிரெய்ல் எங்கே கண்ணில் பட்டாலும் விடாதீர்கள். காஞ்சன் ஒரு காலத்தில் மாப்பிள்ளை வாட்ச். கல்யாண சீசனில் அதற்கு ஏகப்பட்ட கிராக்கி, சம்பந்தி பேச்சிலேயே அதன் பெயர் அடிபடும். தினமும் கட்டாமல் விசேஷத்துக்கு மட்டும் எடுத்ததால் நல்ல நிலையில் நிறைய இருக்கிறது. அதனாலேயே தேடுவார் கொஞ்சம் குறைவு.

பைலட் பற்றி ஒரு எச்சரிக்கை. கறுப்பு டயலில் வெள்ளை எண்கள்; பார்க்க அவ்வளவு லட்சணம். அந்த லட்சணமே அதற்கு எதிரி. சாதாரண ஜனதாவைப் பிரித்து, பைலட் என்று அச்சடித்த புது டயலைப் போட்டு விற்பது பெரிய வியாபாரமாகவே நடக்கிறது. மெஷின் ஒன்றே என்பதால் உள்ளே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சிவப்பு டயல், மயில் பச்சை டயல், ஆரஞ்சு டயல் என்று இணையத்தில் புத்தம்புதுசாக மினுங்குபவையும் அப்படித்தான். நாற்பது வருட வாட்சின் கேஸ் தேய்ந்து டயல் மட்டும் நேற்றுப் பிறந்ததாக இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்.

வெஸ்ட் எண்ட், ஃபாவ்ர் லூபா, ரோமர், சாண்டோஸ்: இந்தச் சுவிஸ் வாட்சுகள்?

கணக்குப்பிள்ளை, ஸ்டேஷன் மாஸ்டர், மிராசுதார் கைகளில் எச்எம்டிக்கு முன்பு இருந்தவை. வெஸ்ட் எண்ட் பம்பாயிலும் கல்கத்தாவிலும் கிளை வைத்து இந்தியாவுக்கென்றே விற்றது. முதல் உலகப் போரில் இந்தியப் படைக்கும் கொடுத்தது. அதன் ஆரம்ப வாட்சுகளில் டயல் பீங்கான். பட்டை மாட்டும் கம்பி கேஸோடு சேர்த்துப் பற்ற வைத்திருக்கும். பீங்கான் டயலில் மயிரிழை விரிசல் இருந்தால் சகித்துக்கொள்ளலாம். சில்லு பெயர்ந்திருந்தால் விலை பாதியாகிவிடும்.

ஃபாவ்ர் லூபாவின் சீ சீஃப், சீ கிங் இரண்டும் நம் பக்கம் சாதாரணமாகக் கிடைக்கும். பத்தில் ஒன்பது டயல் பெயின்ட் அடித்தது என்று வைத்துக்கொண்டே தேடுங்கள், ஏமாற்றம் இருக்காது. 1962-ல் அவர்கள் செய்த பிவாக், மலையேறுபவர்களுக்காக உயரம் காட்டும் கருவியை உள்ளே வைத்தது. டெல்டாவில் ஏறுவதற்கு ஒரு மேடும் இல்லை. ஆனாலும் யார் வீட்டிலாவது இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

பின்மூடியில் தாத்தா பெயர் வெட்டியிருக்கிறது. அழித்துவிடலாமா?

அழிக்கவே கூடாது. பெயரும் தேதியும் வெட்டிய வாட்ச் மதிப்பிழக்கும் என்ற பழைய எண்ணம் இப்போது மாறிவிட்டது. பணி ஓய்வுக்குக் கொடுத்தது, சங்கத்தில் கொடுத்தது, டயலிலேயே நிறுவனச் சின்னம் அச்சடித்தது எல்லாவற்றையும் தனியாகச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

மூடியைத் திறந்தால் உள்பக்கத்திலும் ஊசியால் கீறிய பொடி எழுத்துகள் தெரியலாம்: ஒரு தேதி, இரண்டு எழுத்து, ஒரு எண். ஒவ்வொரு முறை சர்வீஸ் செய்தபோதும் ரிப்பேர்காரர் தனக்காக வைத்த அடையாளம் அது. சில மூடிகளில் நாலைந்து பேர் கீறியிருப்பார்கள், கையெழுத்தை வைத்தே ஆள் மாறியது தெரியும். இதைக் குறை என்று சொல்லி விலையைக் குறைப்பவரிடம் விற்காதீர்கள்.

ஏழுமலையான் படம், எம்.ஜி.ஆர். படம் போட்ட எச்எம்டி?

படம் பிறகு அச்சடித்தது. எச்எம்டி என்று பார்த்தால் மதிப்பு இல்லை. ஆனால் எனக்குப் பிடிக்கும். நம் ஊர் ரசனையின் தனி வகை அது. காலண்டர் படம் சேர்ப்பவர் சேர்ப்பதுபோல் சேர்க்கலாம், அசல் என்று சொல்லாமல் இருந்தால் சரி.

அம்மாவின் குட்டி வாட்ச்? அதை யாரும் கேட்பதில்லையே.

கேட்பதில்லை. அளவு சின்னது என்ற ஒரே காரணம். இன்றைக்கு வாங்குபவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அவர்கள் கைக்கு அது போதாது. ஆனால் கேஸின் வேலைப்பாடு அவற்றில்தான் அதிகம். அவ்வளவு சின்ன இடத்தில் ஒரு மெஷினை அடக்குவதும் லேசான வேலை இல்லை. விலை மலிவாக இருக்கும்போதே வாங்கி வைக்கச் சொல்வேன்.

தண்ணீர் போய்விட்டால் என்ன செய்வது? மழைக்காலத்தில் எப்படி வைப்பது?

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது பீரோவோடு நனைந்த வாட்சுகள் எத்தனையோ. அரிசியில் புதைத்து வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுடையதெல்லாம் துருப்பிடித்தது. ஈரம் மூடிக்குள் இருக்கிறது, அரிசி வெளியே இருக்கிறது. அன்றைக்கே மூடியைத் திறக்க வேண்டும், அதற்கு ரிப்பேர்காரரிடம் போக வேண்டும். கடல் தண்ணீர், உப்பங்கழித் தண்ணீர் என்றால் மறுநாள்கூடத் தாமதம்தான்.

மற்றபடி தோல் பட்டையைக் கழற்றி வையுங்கள், அதுதான் ஈரத்தை உறிஞ்சி கேஸோடு ஒட்டவைக்கும். காற்றுப் புகாத டப்பாவில், மருந்துப் புட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டு வைத்தால் போதும். எண்ணெய் காய்ந்த வாட்சுக்கு மாதாமாதம் சாவி கொடுத்து ஓடவிடுவது நல்லது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். காய்ந்த மெஷின் ஓடினால் தேயும். சர்வீஸ் செய்யாதது சும்மாவே கிடக்கட்டும்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

கும்பகோணம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் கடைவீதிகளில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இன்னும் சில பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கைவேலையில் அவர்களை மிஞ்ச முடியாது. ஆனால் அவர்கள் பழகியது வாட்சைப் புதுசுபோல் ஆக்கிக் கொடுத்து வாடிக்கையாளரைச் சந்தோஷப்படுத்துவதற்கு. அதனால் நீங்கள் வாயைத் திறந்து சொல்லாவிட்டால் டயலைத் துடைத்து, கேஸை மினுக்கித்தான் கொடுப்பார்கள், அவர்கள்மேல் தப்பில்லை.

கொடுப்பதற்கு முன் டயல், பின்மூடி, முடிந்தால் மெஷின் மூன்றையும் அவர் எதிரிலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 'மெஷினைப் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டால் போதும் ஐயா, டயலையும் முள்ளையும் கேஸையும் தொட வேண்டாம்' என்று சொல்லுங்கள். டயலைத் துணியால்கூடத் துடைக்க வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். பழைய டயலில் எழுத்து ஒரு துடைப்பில் போய்விடும். ஏதாவது மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் போன் செய்யச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகம், அது உடைந்த நொடி முள்ளாகவே இருந்தாலும், ஒரு சின்னக் கவரில் போட்டு வாட்சோடு திருப்பித் தரச் சொல்லுங்கள்.